அணில் கொடுத்த கைமாத்து

ஒரு காட்டில், மழைக்கு ஒழுகுகிற பொந்தில், பூங்கோதை என்று ஒரு அணில் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. புதுப் பொந்து கொத்த மரங்கொத்தி நாற்பது வாதாங்கொட்டை கேட்டது. பூங்கோதைக்கோ அன்றன்றைக்குக் கிடைப்பது அன்றன்றைக்கே தீர்ந்துவிடும்.

அந்தச் சமயம் காட்டு ஆபீசிலிருந்து கரடி ஒரு திட்டம் கொண்டு வந்தது. ஏழை மிருகம் இருபது கொட்டை சேர்த்துக் காட்டினால், ஆபீஸ் இன்னொரு இருபது போடும்.

பூங்கோதை ஒரு வேளை தின்றது, ஒரு வேளை தின்றதாக நினைத்துக்கொண்டது. குட்டிகள் கொட்டை கேட்டு அழுதால் வாலை ஆட்டி வேடிக்கை காட்டியது. எப்படியோ இருபது சேர்ந்துவிட்டது.

கரடி பார்க்க வரும் நாள் காலையில் பக்கத்து வளை முயல் ஓடி வந்தது.

"ஏ பூங்கோதை, என்கிட்ட ஒத்தக் கொட்டை இல்லடி. உன்னதைக் கைமாத்தாக் குடு. கரடி சார் எண்ணிட்டுப் போனதும் பின்பக்கமாக் கொண்டாந்துடுறேன்."

"அக்கா, அது வந்து..."

"என்ன வந்து? தின்னவா போறேன்?"

பூங்கோதைக்கு முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. கொடுத்துவிட்டது.

கரடி முயல் வளையில் இருபது எண்ணியது, இருபது போட்டது. கரடி திரும்புவதற்குள் முள்ளம்பன்றி முயலிடமிருந்து பூங்கோதையின் மூட்டையை வாங்கிக்கொண்டு ஓடியது. அங்கேயும் இருபது. அப்புறம் கீரி வீட்டிலும் இருபது.

கடைசியில் கரடி பூங்கோதையிடம் வந்தது. பொந்து காலி. மூச்சு வாங்க வாங்க கீரி மூட்டையோடு வந்து நின்றது.

"இது ஏது?" என்றது கரடி.

"என்னதுதான் சார். அக்காமாருக்குக் கைமாத்தாக் குடுத்திருந்தேன்."

"ஊருக்கே கைமாத்து குடுக்கிறியா! அப்ப நீ வசதியானவ. இது ஏழைங்க திட்டம்மா." நோட்டில் பூங்கோதை பேர் மேல் கோடு போட்டது கரடி.

"அப்ப அவங்களுக்குப் போட்டது, சார்?"

"அது எழுதியாச்சு. அழிச்சா நோட்டு அசிங்கமாயிடும்."

இருபது கொட்டைக்கு மரங்கொத்தி பாதிப் பொந்துதான் கொத்தியது. மழை வந்தபோது மூன்று தலை உள்ளே இருந்தது, மூன்று வால் வெளியே நனைந்தது. முயல் குடை பிடித்துக்கொண்டு அந்த வழியாகப் போனது. சிக்கனமாக இருப்பது எப்படி என்று பேச ஆபீசில் கூப்பிட்டிருந்தார்களாம்.

நீதி: சேமிப்பு நல்ல பழக்கம். அதைப் பக்கத்து வீட்டுக்காரி செய்தால் இன்னும் நல்லது.