பாடும் கற்களை அகற்றக் கோரி

கோதன்பர்க்,
மே மாதம், புதன்கிழமை

அன்பும் மதிப்பும் குறையாத மச்சான் ஹில்டிங்குக்கு,

உன் அக்கா கெர்டின் கணவன் ஸ்டூரே எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கெர்டைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். வடக்கே உன் இழுக்கும் முழங்கால், உன் படகு, உன் நாய் மூன்றும் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். ஆற்றில் பனி உடைந்ததா என்று விசாரிப்பது முறை, விசாரித்ததாக வைத்துக்கொள்.

உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். நகராட்சியில் முப்பத்தோரு வருடம் சத்தம் அளந்தவன் நீ. அந்தக் கருவி இன்னும் உன் அலமாரியில் இருப்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் போன கிறிஸ்துமஸுக்கு முந்திய கிறிஸ்துமஸில் என் குறட்டையை அதில் அளந்து காலைச் சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாய். எங்கள் குடியிருப்பு முற்றத்தில் பதித்திருக்கும் இருபத்திரண்டு கற்கள் மனிதர் வாழ ஒவ்வாத சத்தம் எழுப்புகின்றன என்று ஒரே ஒரு பக்கம் எழுதி, ‘ஓய்வு பெற்ற சத்த ஆய்வாளர்’ என்று கையெழுத்திட்டு அனுப்பு. இருபத்தெட்டாம் தேதி சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். கற்கள் இருப்பதா போவதா என்று அன்றைக்கு வாக்கெடுப்பு. நீ நேரில் வந்து அளக்க வேண்டியதில்லை. எப்படியும் வரமாட்டாய்.

கற்களா பாடுகின்றன, இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று நினைப்பாய். ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். குளிர்காலம் முழுக்க எல்லோரும் வீட்டுக்குள்ளேயே உறைந்து கிடக்கிறோம், யாராவது நம்மை ஆடவைக்க வேண்டும் என்று சங்கத் தலைவி அனெட்டுக்குத் தோன்றியது. நகராட்சியும் அசைவு, விளையாட்டு என்று ஏதோ ஒரு திட்டத்தில் உதவி தருவதாகச் சொன்னது. உடனே தூவா என்ற பெண் கட்டுக் கட்டாக ஒயரோடும் காதில் சொருகிய தச்சர் பென்சிலோடும் வந்து சேர்ந்தாள். மனிதர்களின் அசைவை இசையாக்கும் கருவிகளை வடிவமைப்பதுதான் அவள் தொழிலாம். வாசற்படியிலிருந்து குப்பை அறைக்கும் சலவை அறைக்கும் போகிற பாதையில் தட்டைக் கற்களைப் பதித்து, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சென்சார் வைத்து, சுவரில் ஸ்பீக்கர்களை ஒளித்து வைப்பாள். மிதித்தால் ஒரு ஒலி, மெதுவாக மிதித்தால் வேறு, குதித்தால் இன்னொன்று, இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் இரண்டும் பின்னிக்கொள்ளும். இதையெல்லாம் அவள் காபிக்கும் ஏலக்காய் பன்னுக்கும் நடுவில் விளக்கினாள். மிதித்ததற்கும் ஒலி வருவதற்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் கேட்டேன். “கண் சிமிட்டுற நேரத்துல பத்துல ஒரு பங்கு. அதுக்கு மேல லேட்டானா, இது நம்ம சத்தம்தான்னு கால் நம்பாது” என்றாள். நாற்பது வருடம் ரயில்வேயில் கால அட்டவணை போட்டவன் நான். தாமதத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் ஒருவரை அங்கே நான் பார்த்ததே இல்லை. மயங்கிப் போய் ஆதரவாகக் கை தூக்கிவிட்டேன். இதைக் கூட்டத்தில் யாரும் நினைவுபடுத்தாமல் இருக்க வேண்டும்.

திறப்பு விழா அன்று குழந்தைகள் குதித்தார்கள், மரக் கிண்ணத்தைத் தட்டியது போலவும் தடித்த கம்பியை மீட்டியது போலவும் முற்றமே முழங்கியது, எல்லோரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் திங்கட்கிழமை குப்பைப் பையோடு வாசலைத் தாண்டி ஒரு காலை வைத்தேன், டங் என்றது. நான் நின்றுவிட்டேன். முப்பத்தெட்டு வீட்டு ஜன்னலும் என் குப்பைப் பையைப் பார்ப்பதுபோல் இருந்தது. நம் ஜனங்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? கதவு ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்து, மாடிப்படியில் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வெளியே வருகிறவர்கள் நாம். நம்மைப் பிடித்து மேளதாளத்தோடு குப்பை கொட்டப் போ என்றால் எப்படி? அன்றே நான் துலிப் பாத்தி ஓரமாகத் திரும்பி வந்தேன். இரண்டாம் வாரத்தில் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு என்று சொல்லிப் பெற்றோர்கள் குழந்தைகளையும் தடுத்துவிட்டார்கள். கற்களைக் கொண்டுவந்த அனெட்டே சுவரோரமாக நடந்து, செருப்பெல்லாம் சேறாக வருவதை என் கண்ணால் பார்த்தேன்.

இங்கேதான் விவகாரம் முற்றியது. கற்கள் வாங்கும் ஒவ்வொரு மிதியும் தூவாவின் கம்ப்யூட்டரில் பதிவாகும். மூன்று வாரமாக ஒரு அடிகூடப் பதிவாகவில்லை. வேறு ஊர்க்காரியாக இருந்தால் வந்து கதவைத் தட்டி என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பாள். இவளும் நம்மவள்தானே, யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒருநாள் காலையில் சத்தமில்லாமல் வந்து, சென்சார் மந்தமாகிவிட்டது என்று தானே முடிவு கட்டி, அதன் கூர்மையை உச்சத்துக்கு ஏற்றிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் ஒரு மேக்பை பறவை வந்து உட்கார்ந்தது, முற்றம் அதிர்ந்தது. பிர்ச் மரத்துப் பூ உதிர்ந்தாலும் ஒரு சுரம். மழை பெய்தபோது நான்கு மணி நேரக் கச்சேரி. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் போனாலும் விடவில்லை, அங்கிருந்தே நம் நடையை மோப்பம் பிடித்து முனகியது. நான் சலவை அறைப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டினேன்: ‘யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனால் மழைக்கு இசை அவசியமா என்று அன்போடு கேட்கிறேன். ஒரு குடியிருப்பாளர்.’ மறுநாள் அதன் கீழே: ‘முழுமையாக உடன்படுகிறேன். இன்னொரு குடியிருப்பாளர்.’ அதற்கும் கீழே: ‘துணி உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியைச் சுத்தம் செய்யாதவர்களும் அன்போடு கேட்கிறார்கள்.’ அது அனெட்டின் கையெழுத்து. அதன் பிறகு முறையான புகார் நான்கு எழுதிச் சங்கத்துக்குக் கொடுத்து, அதே பலகையிலும் ஒட்டினேன். எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை தூவா கருவிப் பெட்டியோடு வந்தபோது நேராகவே பிடித்துக்கொண்டேன்.

“மூணு வாரம் ஒரு அடிகூடப் பதிவாகல, ஸ்டூரே. கல்லுக்குக் காது கேக்கலன்னு நினைச்சேன்.”

“கல்லுக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு. நாங்கதான் மிதிக்கல.”

“மிதிக்காம குப்பையை எப்படிப் போட்டீங்க?”

“சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால போய்.”

“எல்லாருமா?”

“எல்லாரும்தான். ஆனா தனித்தனியா.”

அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “யாராவது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றாள். நீயும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். காலை ஏழு மணிக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தயங்கினாளாம். பாவம், நல்ல பெண். “எந்த அசைவுக்குப் பதில் சொல்லணும், எதை விட்டுடணும்னு நான்தான் ஒரு கோடு போடணும். எங்க ஆபீஸ் ஆளுங்களையும் ரெண்டு நடனக்காரங்களையும் நடக்கவெச்சுப் பார்த்துப் போட்ட கோடு அது. அதுக்குக் கீழ இருக்கற குட்டிக் குட்டி அசைவெல்லாம் இரைச்சல்னு கழிச்சுடும். இப்ப அந்தக் கோட்டையே எடுத்துட்டேன்” என்றாள். திரும்பவும் போடம்மா என்றேன். வெள்ளிக்கிழமை வந்து போடுவதாகச் சொன்னாள். “ஆனா மனுஷங்க நடந்ததா பதிவு இல்லேன்னா கூட்டத்துல எப்படியும் எடுத்துடுவாங்க” என்று சேர்த்துக்கொண்டாள். அதைத்தானே நானும் விரும்புகிறேன். கோட்டைப் போட்டாலும் குப்பைக்குப் போனால் டங் தான்.

இனி கெர்ட். நீ மாதம் ஒரு முறை போன் செய்து எங்கள் ஊர் வானிலையைக் கேட்கிறாய். நானும் வானிலையைச் சொல்கிறேன். அவள் அக்டோபரிலிருந்து கீழே இறங்கவில்லை, ஹில்டிங். நடுக்குவாதம் கையில்தான் ஆரம்பித்தது, இப்போது காலையும் பிடித்துக்கொண்டது. நடந்துகொண்டே இருப்பாள், திடீரென்று பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவாள். ஒருநாள் லிஃப்ட் வாசலில் அப்படி நின்றபோது மூன்றாம் மாடி ரூனே கதவைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி ஒரு நிமிடம் காத்திருந்தார். அவர் செய்தது மரியாதைதான். வீட்டுக்கு வந்ததும் இனி வெளியே போவதில்லை என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நாலாம் மாடிச் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். இந்தச் சத்தம் என் மனைவிக்குப் பெரும் இடைஞ்சல் என்று நான்கு புகாரிலும் எழுதியிருக்கிறேன். இரவல் காரணம் என்று நினைக்காதே. அவளிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்டால் அவள் கையைப் பற்றிப் பேச்சு வரும், பிறகு எதைப் பேசுவது என்று எனக்குத் தெரியாது.

ஆகவே அந்த ஒரு பக்கத்தைத் தாமதிக்காமல் அனுப்பு. உன் நாய்க்கு என் விசாரிப்பு. படகுக்கும் கோடைக்கும் எல்லா நன்மையும் உண்டாகட்டும். கெர்டும் தன் அன்பைச் சொல்கிறாள். அதாவது, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

இப்படிக்கு,
உன் மாறாத அன்புள்ள
ஸ்டூரே

பி.கு. வியாழன் பிற்பகல். மேலே எழுதியதை மறந்துவிடு. புதிதாக எழுதக் கை வலிக்கிறது. தவிர, நான் எவ்வளவு பெரிய மடையன் என்பதற்கு எழுத்தில் ஒரு சான்று குடும்பத்தில் இருக்கட்டும்.

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை வாங்கக் காலையில் கடைக்குப் போனேன். வரிசைச் சீட்டில் என் எண் அறுபத்து நான்கு, ஓடிக்கொண்டிருந்தது நாற்பத்தொன்று. பின்னால் நின்ற ரூனே, பதினோரு வருடத்தில் முதல் முறையாக என்னிடம் வாய் திறந்து, கற்களுக்கு எதிராகத் தானும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். அந்த அதிர்ச்சியில், பொதுச் சலவை அறையில் இன்று எங்கள் முறை என்பது எனக்கு மறந்தே போயிற்று. பத்து மணி முதல் ஒரு மணி வரை. பத்தரைக்குள் துணியைப் போடாவிட்டால் அந்த முறையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அடுத்த முறை பதினாறு நாள் கழித்து. நினைவு வந்தபோது மணி பத்து இருபது. எழுபத்து மூன்று வயதில் ஓடினேன். ரூனேயும் ஏனென்று தெரியாமல் கூடவே ஓடிவந்தார்.

முற்றத்துக் கதவைத் திறந்ததும் ஒரு ஒலி. மழையும் இல்லை, மேக்பையும் இல்லை. தாழ்ந்த குரலில் ஒரு கம்பி விடாமல் அதிர்வது போன்ற ஒலி. ஒன்பதாவது கல்லில் கெர்ட் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுச் செருப்போடு, சக்கர நடைவண்டியில் அழுக்குத் துணிப் பையை மாட்டிக்கொண்டு, சலவை முறை போய்விடக் கூடாது என்று தனியாக இறங்கி வந்திருக்கிறாள். கால் ஒட்டிக்கொண்டுவிட்டது. கை மட்டும் நடுங்கியது, அந்த நடுக்கம் வண்டி வழியாகக் கல்லுக்குப் போனது, கல் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நான் பிடிக்கப் போனேன்.

“கிட்ட வராத. எண்ணிட்டிருக்கேன்.”

“என்னத்த எண்ணுற?”

“அது தாளம் போடுது, கேக்கல? எட்டு எண்ணினா கால் வருது.”

வந்தது. பத்தாவது கல் டங் என்றது. மறுபடியும் அதிர்வு, மறுபடியும் எட்டு, மறுபடியும் ஒரு கால். பதின்மூன்று கல்லைக் கடக்க ஏழு நிமிடம். என் வாழ்நாளில் ஒரு தாமதத்தைக்கூட இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை. ரூனே கூரையைப் பார்க்கவில்லை. வாய் பிளந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்தரைக்கு ஒரு நிமிடம் இருக்கையில் துணி இயந்திரத்துக்குள் போயிற்று.

“பலகையில இருக்கற உன் புகாரைப் படிச்சேன்” என்றாள். “என் மனைவிக்குப் பெரும் இடைஞ்சல்னு போட்டிருக்க. எந்த மனைவிக்கு?”

நான் காலியான துணிப் பையை மடித்தேன்.

“ஏழு மாசமா என் கை ஆடலைங்கற மாதிரியே எல்லாரும் இருந்தீங்க. இந்தக் கல்லுக்கு அப்படி இருக்கத் தெரியல. மேல உக்காந்து தினம் கேக்கறேன், ஸ்டூரே. இதை நிறுத்தாத.”

சலவை அறைப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொன்னாள்.

தூவாவுக்குப் போன் செய்து, கோட்டைப் போடாதே என்றேன். நாளை வந்து கெர்டை நடக்கச் சொல்லிப் பார்க்கலாமா என்று கேட்டாள். இப்போது பதிவில் மனிதர்கள் வேண்டும். அதனால் நாளைக் காலை ஏழு மணிக்கு, முப்பத்தெட்டு வீட்டு ஜன்னலும் பார்க்க, கையில் குப்பைப் பைகூட இல்லாமல் இருபத்திரண்டு கல்லிலும் நடக்கப் போகிறேன். ரூனே ஏழேகாலுக்கு வருகிறாராம். தனியாக.

உன் ஒரு பக்கம் இப்போதும் வேண்டும். கற்களால் யாருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லை என்று எழுத வேண்டும். ஆனால் அளக்காமல் அப்படி எழுதக் கூடாது, ஆகவே கருவியை எடுத்துக்கொண்டு ரயிலேறு. வந்தால் சைக்கிள் கொட்டகைப் பக்கம் போகாதே, கல் மேலேயே நடந்து வா. கெர்ட் மேலே ஜன்னலோரம் இருப்பாள். முழங்காலை இழுத்து நடக்கிற அந்த நடை யாருடையது என்று மூன்றாவது கல்லிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும்.