மதிலேறிப் பூக்கொண்ட மாப்பிள்ளை

வாழ்க, பிஸ்கட் பெட்டிகளின் பெருந்தளபதி! வாழ்க, ஒட்டாத நாடாவும் ஓரம் நசுங்கிய அட்டையும் ஒருங்கே நடுங்கும் கூர்விழியோன்! வாழ்க, துணி காயப்போடும் கொடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடைப்பட்ட நான்கு முழ மண்ணை நாடெனக் கருதி ஆண்ட நாயகன்!

உலகீர், செவி சாய்ப்பீர். பகைவரின் ஆநிரை கவரப் போனவர் வெட்சிப் பூச் சூடினார். மண்ணாசை கொண்டு படையெடுத்தவர் வஞ்சிப் பூச் சூடினார். வென்று மீண்டவர் வாகை சூடினார். அவர்களை எல்லாம் பாட நம் முன்னோருக்கு நேரம் இருந்தது. ஆனால் பூவைச் சூடிப் போருக்குப் போகாமல், பூவுக்காகவே போருக்குப் போனவர் ஒருவர் உண்டு. அதுவும் ஒரே ஒரு பூசணிப் பூவுக்காக, பல்கூடத் துலக்காமல், முக்காலியைத் தோளில் சுமந்து போனவர். அவரைப் பாட ஒரு திணை இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வேறு யாரும் முன்வராததால் நான் வந்திருக்கிறேன்.

பகைக்கு வித்து சில ரோஜாச் செடிகள். மாமனார் ஒருமுறை வெளியூர் போனபோது, தம் ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை மூத்த மருமகனாகிய நம் தளபதியிடம் விட்டுப்போனார். பிஸ்கட் ஆலையின் பொதி கட்டும் பிரிவில் மேற்பார்வையாளராகப் பணிபுரிந்து, கடமை என்றால் கண்ணிமைக்காத அப்பெருமகன், காலையிலும் ஊற்றினார், நண்பகலிலும் ஊற்றினார், எதற்கும் இருக்கட்டும் என்று படுக்கப்போகும் முன்பும் ஊற்றினார். செடிகள் நின்ற நிலையிலேயே மூழ்கி உயிர் நீத்தன. திரும்பி வந்த மாமனார் தொட்டிகளை ஒருமுறை பார்த்தார், மருமகனை ஒருமுறை பார்த்தார்.

"மூத்த மாப்பிள்ளை கை வச்சா பிளாஸ்டிக் செடியும் பட்டுப்போகும்."

குடும்பமே சிரித்தது. எல்லோரும் நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தவர் சகலை. மனைவியின் தங்கையை மணந்தவர். ஒரே மதிலின் மறுபக்கத்து வீட்டில் வாழ்பவர். ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுத்தரும் ஆசான். அந்தச் சிரிப்பு தளபதியின் தொண்டையில் மீன்முள்ளாகத் தங்கிவிட்டது. வருடங்கள் போயும் இறங்கவில்லை.

அத்தகைய நாளில்தான், மாமனார் சில மாதங்களில் வந்து, இரண்டு மகள்கள் வீட்டிலும் சில நாள் தங்கிப்போவார் என்ற செய்தி வந்தது. தளபதி எழுந்தார், வலக்கையை உயர்த்தினார், மின்விசிறியில் இடித்துக்கொள்ளாதவாறு சற்றே தாழ்த்திக்கொண்டு, வீடு அதிர வஞ்சினம் மொழிந்தார்: "என் கையால் விளைந்த காயை மாமனார் தட்டில் வைக்கும்வரை, கடையில் வாங்கிய காய் எதுவும் இந்த வாசற்படியை மிதிக்காது! இது ஆணை!"

"அப்போ அதுவரைக்கும் எதைச் சமைக்கிறது?" என்றது சமையலறை.

பெரும் வஞ்சினங்களில் இத்தகைய சில்லறை விவரங்களுக்கு இடமிருப்பதில்லை. அன்று முதல் அவ்வீட்டில் பருப்பும் முட்டையும், முட்டையும் பருப்பும் மாறி மாறி ஆட்சி செய்தன. வஞ்சினம் மதிலைத் தாண்டிச் சகலையின் செவியிலும் விழுந்தது. மறுநாளே அவரும் ஒரு மண்வெட்டி வாங்கினார்.

பூசணி விதை முளைத்தது. கொடி ஓடியது. எட்டிக் கை வீசித் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி, துணிக்கொடியைத் தன் கொடியாக்கி, பந்தல் முழுதும் பரந்து, பொன்னைக் குழைத்து ஊற்றியதுபோல் மொட்டுகளை ஏந்தி நின்றது. ஆலையிலிருந்து வந்த கையோடு சட்டையைக்கூட மாற்றாமல் தளபதி மாலைதோறும் கொடியை அணிவகுப்புப் பார்வையிட்டார். இங்கேதான், அன்பர்களே, ஒரு நல்ல மேற்பார்வையாளருக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய பிழை ஒன்று அவருக்கு வாய்த்தது.

மொட்டுகளில் இரு வகை இருப்பதை அவர் கண்டார். சில மொட்டுகள் தம் அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சைச் சுமந்துகொண்டு குனிந்து நின்றன. மற்றவையோ, பிஞ்சும் இல்லை பாரமும் இல்லை, ஒல்லிக் காம்பில் ஒய்யாரமாக நிமிர்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தன. ஆலையில் இத்தகையோரை அவர் அறிவார். பெட்டி தூக்கும் நேரத்தில் தேநீர் குடிக்கப் போகிறவர்கள். "உழைப்போர் உண்ணும் சோற்றை உழையாதோர் உண்ணலாகாது! சோம்பேறிகளுக்கு என் கொடியில் இடமில்லை!" என்று முழங்கி, காம்பு ஒல்லிகளை எல்லாம் விரிவதற்கு முன்பே நகத்தால் கிள்ளி எறிந்தார். மாலைதோறும் கிள்ளினார். ஒருவரையும் விடவில்லை.

உழைப்பாளிகள் பூத்தன. ஒவ்வொன்றாக மஞ்சளித்தன. பிறகு, காரணம் சொல்லாமல் வேலையை விட்டுப்போகிறவர்களைப்போலக் கீழே விழுந்தன. தளபதி உரத்தைக் குறை சொன்னார், வெயிலைக் குறை சொன்னார், மதிலுக்கு அப்பாலிருந்து வரும் சகலையின் கண்பட்டதென்று எலுமிச்சம்பழம்கூடக் கட்டினார். எஞ்சியது ஒரே ஒரு பிஞ்சு. அதன் மொட்டு மறுநாள் விடியலில் விரியும் பதத்தில் இருந்தது.

துணி எடுக்க வந்த மனைவி, மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர், எதையும் சீட்டில் உள்ளபடி பார்த்துப் பழகியவர், தரையில் கிடந்த மொட்டுகளைக் கண்டு நின்றார்.

"ஏங்க, இதையெல்லாம் எதுக்குக் கிள்ளிப் போட்டிருக்கீங்க?"

"வேலை செய்யாத பூ."

"அது ஆம்பளைப் பூங்க! அதோட மகரந்தம் படாம பிஞ்சு எப்படி நிக்கும்?" என்றவர், ஒரு கணம் கணவரை மேலும் கீழும் பார்த்தார். "வேலை செய்யாத ஆம்பளையை எல்லாம் கிள்ளிப் போடணும்னா, நான் எங்க ஆரம்பிக்கணும் தெரியுமா?"

தளபதியின் தலையில் இடி விழுந்தது. கொடியைச் சல்லடை போட்டுத் தேடினார். ஓர் ஆண்மொட்டு இல்லை. அத்தனை திறமையாகக் களையெடுத்திருந்தார். மதிலுக்கு அப்பாலோ, சகலையின் கொடியில், ஒல்லிக் காம்பர்கள் ஆயிரம் ஆயிரமாய்த் திரண்டு நாளை விரியக் காத்திருந்தன. தேனீக்கள் அவற்றின் மகரந்தத்தை இப்பக்கம் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் சகலை அடித்த பூச்சிமருந்தின் நாற்றத்துக்குத் தேனீக்கள் அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை.

"போய்க் கேளுங்க. உங்க சகலைதானே?" என்றார் மனைவி.

கேட்பதா! எவர் சிரிப்பு இன்னும் தொண்டையில் குத்துகிறதோ, அவர் வாசலில் நின்று ஒரு பூ பிச்சை கேட்பதா! அதைவிடப் பருப்பே மேல் என்று தளபதி படுத்தார். புரண்டார். பிளாஸ்டிக் செடியும் பட்டுப்போகும் என்ற சொல் நினைவுக்கு வந்தது. அவருக்கு உண்மையாகவே வலித்தது. கேட்கமாட்டேன், ஆனால் எடுப்பேன் என்று முடிவு செய்தார்.

விடிந்தது. காகம் முரசறைந்தது. முக்காலியைத் தோளேற்றி, உள்ளாடைப் பனியனே கவசமாக, ஈரப்புல் செருப்பில் சளக் சளக்கென்று பறை கொட்ட, மதிலடி சேர்ந்தார் மாவீரர். முக்காலியை நட்டார். ஏறினார். அது ஆடியது, அவர் ஆடவில்லை. இரு கையும் மதில்மேல் ஊன்றி, பகைப்புலம் நோக்கித் தம் திருமுகத்தை மெல்ல உயர்த்தினார்.

அதே கணத்தில், மதிலின் மறுபக்கத்திலிருந்து இன்னொரு திருமுகம் உயர்ந்தது.

இரு மூக்குகளும் ஏறக்குறைய முட்டிக்கொண்டன. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் நின்றிருந்தார் சகலை. கையில் கைபேசி, அதில் படமெடுக்கும் கண் திறந்திருந்தது. ஓட்டத் தெரியாதவர் ஓட்டும் காரில் இருப்பவர்போல அவருடைய வலக்கால் தானாகவே இல்லாத பிரேக்கை மிதித்தது. வாளி நழுவ, மதிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சகலை, நீங்க இங்க...?"

"நீங்க எதுக்கு முக்காலியோட...?"

சகலையின் முகம்தான் முதலில் விழுந்தது.

"எங்கிட்ட ஒரு பிஞ்சுகூட இல்லை சகலை. ஒண்ணே ஒண்ணுகூட. வெறும் இலை, வெறும் பூ. மாமாகிட்ட போன்ல காய் கொத்துக்கொத்தா தொங்குதுன்னு சொல்லிட்டேன். அவர் படம் அனுப்புன்னுட்டார். அதான் உங்க பிஞ்சை ஒரு போட்டோ..."

அறிக! ஊராருக்கெல்லாம் பிரேக்கை மிதி, பிரேக்கை மிதி என்று கற்றுத்தந்து சலித்த அவ்வாசான், தம் தோட்டத்தில் ஆக்சிலேட்டரை மட்டுமே மிதித்திருந்தார். உரத்தின்மேல் உரமாகக் கொட்டியதில் கொடி இலையும் ஆண்பூவுமாகத் தறிகெட்டு ஓடியதேயன்றி, காய்க்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. இதைக் கேட்டதும் தளபதியின் நெஞ்சில் எழுந்தது வெற்றிக் களிப்பு என்று பாடத்தான் எனக்கும் ஆசை. ஆனால் எழுந்தது நிம்மதி. தொண்டை முள் அங்கேயே, மதில்மேலேயே, இறங்கிவிட்டது.

"எனக்கு ஒரு ஆம்பளைப் பூ வேணும் சகலை," என்றார்.

சகலை ஒன்றுக்கு ஒன்பது பறித்து வந்து மதிலேறிக் குதித்தார். ஒருவர் இதழ்களை உரித்தார். மற்றவர் மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவில் வைத்து, குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல் மூச்சடக்கித் தொட்டார். வஞ்சியும் தும்பையும் காணாத உடன்படிக்கை ஒன்று அக்கொல்லையில் கையெழுத்தின்றி நிறைவேறியது: கொடி மூத்தவருடையது, பூ இளையவருடையது, காய் இருவருடையது.

பிஞ்சு நின்றது! உருண்டது, திரண்டது, வரி கொண்டது. பாரம் தாங்காமல் காம்பு இற்றுவிடாதிருக்கத் தளபதியின் ஆலைச் சீருடையைக் கிழித்துத் தூளி கட்டினார்கள். மழை வந்தால் சகலை குடை பிடித்தார். "நம்மளை ஒரு நாளாவது இப்படித் தாங்கியிருப்பாங்களா?" என்று மதிலின் இருபுறமும் நின்று அக்காளும் தங்கையும் பேசிக்கொண்டார்கள்.

வந்தது பெருநாள். மாமனார் வந்திறங்கிக் கூடத்தில் கால் நீட்டினார். சமையலறையில், வெட்டுப்பலகை என்னும் களத்தின்மேல், பொன்மேனி மின்ன வீற்றிருந்தது பூசணி. தளபதி கத்தியை எடுத்தார். காய்மேல் வைத்தார், எடுத்துவிட்டார். "நீங்க வெட்டுங்க சகலை," என்றார். சகலை கத்தியை வாங்கினார், காயைத் தடவினார், கண்ணை மூடினார், திறந்தார். "எனக்கு மனசு வரலை. நீங்களே வெட்டுங்க," என்றார். கத்தி கைமாறியது, மீண்டும் மாறியது, மாறிக்கொண்டே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்த மனைவி, தங்கையைக் கண்ணால் அழைத்து, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பந்தி அமைந்தது. மருமகன்மார் இருவரும் இருபுறமும் காவலர்போல் நின்றனர். மாமனார் ஒரு வாய் உண்டார். மென்றார். கண்களை மூடினார். ஈரேழு உலகும் மூச்சடக்கி நின்ற அவ்வேளையில் அவர் திருவாய் மலர்ந்தது:

"அடடா! வீட்டுல விளைஞ்ச காய்க்கு ருசியே தனிதான்யா. யாரு வளர்த்தது இதை?"

எந்த ஒரு சொல்லுக்காக இத்தனை வருடம் காத்திருந்தாரோ, அச்சொல்லைச் சொல்ல வேண்டிய தருணத்தில் நம் தளபதி தலைகுனிந்தார்.

"சகலைதான் மாமா. நான் சும்மா தண்ணி ஊத்துனேன்."

"ஐயையோ, நான் இல்லை மாமா! எல்லாம் இவருதான்!"

"இல்லை, அவருதான்."

மாமனாரின் கண்கள் கலங்கின. என்னே இந்த அடக்கம், என்னே இந்தப் பெருந்தன்மை என்று உளம் நெகிழ்ந்து, எழுந்து நின்று, எச்சில் படாத இடக்கையால் மூத்த மருமகனின் தோளைத் தட்டி, "உங்க கையைப் பத்தி அன்னைக்குத் தப்பா பேசிட்டேன் மாப்பிள்ளை," என்று தழுதழுக்க, தளபதியின் விழிகளும் பெருக, சகலை மூக்கை உறிஞ்ச, பூசணியோ உள்ளறைக் கட்டிலுக்கடியில் போர்வை போர்த்து முழுதாய் வீற்றிருக்க, "இன்னும் கொஞ்சம் வைக்கவாப்பா?" என்று கேட்டுக்கொண்டே மகள் மறுபடியும் பரிமாறினார்.

அது தெருமுனைக் கடையில் வாங்கிய அரை கிலோ பூசணிக்காய்.