கனகலிங்கத்தாரின் மூன்றடி

மகள் அருந்ததியை நாற்காலியில் இருத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு போன அன்றுதான் கனகலிங்கத்தார் வீட்டுக்கு வரும் ஒடுங்கிய ஒழுங்கையின் அகலத்தை அளந்து பார்த்தார். ஐந்தடி. அம்புலன்ஸ் பெரிய றோட்டிலேயே நின்றுவிட்டது. அன்று வெறும் தலைச்சுற்றுத்தான். பிள்ளைப்பேற்றுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

சனசமூக நிலையத்தின் செயலாளரான அவர் சும்மா இருப்பாரா? ஒழுங்கையை அகலமாக்கச் சொல்லிக் கிராமச் சங்கத்துக்கு மூன்று பக்கத்தில் மனு எழுதினார். மூன்று வரியில் பதில் வந்தது: ஊரார் காணியை விட்டால் சங்கம் கிரவல் கொட்டி றோட்டுப் போடும்.

கூட்டம் வைத்தார்.

“முதல்லை செயலாளர் விடட்டும், பிறகு பாப்பம்” என்றார் எதிர்வீட்டுக் கந்தப்பர்.

கனகலிங்கத்தாருக்கு ரோசம் வந்தது. அடுத்த ஞாயிறே வாசிகசாலைப் பெடியன்களைச் சேர்த்து, சிரமதானமாகத் தன் வேலியை மூன்றடி பின்னுக்குத் தள்ளினார். வேலியோரம் ஒரு கல்லும் நட்டார்: ‘காணி அன்பளிப்பு: த. கனகலிங்கம்.’

அதற்கடுத்த ஞாயிறு கந்தப்பர் தன் வேலியை மூன்றடி முன்னுக்குக் கொண்டுவந்தார். ஒழுங்கை மறுபடி ஐந்தடி.

“என்ன கந்தப்பண்ணை, நான் ஊருக்கு விட்டதை நீங்கள் பிடிக்கிறியள்?”

“நான் என்ரை காணியிலைதான் நிக்கிறன். ஒழுங்கை நெருக்கமெண்டு இவ்வளவு நாளும் உள்ளுக்கை தள்ளி அடைச்சனான். இப்பதான் நீங்கள் விட்டிட்டியளே!”

“பச்சைப் பொய்!”

கனகலிங்கத்தார் நில அளவையாளரை அழைத்தார். கூட்டத்தில் ஒரு தீர்மானமும் எழுதினார்: எந்த இடத்தில் எல்லை முளை அடிக்கப்படுகிறதோ, அந்த இடத்துக்கு அன்றே ஊரார் கூடி வேலியைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவது கந்தப்பருடையது.

குறித்த நாளில் பத்துப் பேரை, வேலி பிடுங்க அலவாங்குகளோடு, கந்தப்பரின் படலைக்கு நேரே வரிசையாக நிறுத்தினார். கந்தப்பரும் ஒரு அலவாங்கோடு வந்து வரிசையின் கடைசியில் நின்றார்.

“உங்கடை வேலியைப் பிடுங்கவோ?” என்று கேட்டார் கனகலிங்கத்தார்.

“ஆரின்ரை வேலியெண்டாலும் பிடுங்குவன். அருந்ததிப் பிள்ளைக்கு வாகனம் வரவேணும்.”

கனகலிங்கத்தார் பல்லைக் கடித்தார்.

அளவையாளர் வரைபடத்தை விரித்தார். பன்னிரண்டடி ஒழுங்கை! கூட்டம் கைதட்டியது. சங்கிலி பிடிக்கும் முருகேசு முதல் முளையைக் கந்தப்பரின் வேலி அடியில் இறுக்கிவிட்டு, சங்கிலியை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார். கனகலிங்கத்தாரின் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வாழைகளுக்குள் மறைந்தார். உள்ளே முளை அடிக்கும் சத்தம் கேட்டது; பின்னாலேயே முருகேசுவின் குரலும் வந்தது.

“தம்பியவை, அங்கை என்ன செய்யிறியள்? அலவாங்கை இஞ்சாலை கொண்டுவாங்கோ, மிச்சம் ஏழடியும் இந்த வாழைக்குள்ளைதான் கிடக்கு. வரேக்கை அந்த அன்பளிப்புக் கல்லையும் பிடுங்கிக்கொண்டு வாங்கோ, அது நடு ஒழுங்கையிலை நிக்குது!”