கிளிஞ்சல்களுக்கு மறுவாழ்வு

கிளிஞ்சல் என்பது பிராணியா, கல்லா என்ற கேள்வி எண்பதுகளின் நடுப்பகுதி வரை மட்டாஞ்சேரியில் யாருக்கும் எழுந்ததில்லை. கும்பளங்கிப் பக்கத்துக் காயலில் ஆட்கள் முங்கி வாருவார்கள்; வள்ளத்தில் வந்து இறங்கும்; மாயம்மாளின் காளவாயில் வெந்து சுண்ணாம்பாகும்; ஊர்ச் சுவரெல்லாம் வெள்ளையாகும். இதில் யோசிக்க நிறைய இருக்கிறது என்று கண்டுபிடிக்க அரசாங்கச் சம்பளம் வாங்கும் மூளை தேவைப்பட்டது.

அந்த வருஷம் "நீடித்து நிலைக்கும்" என்ற சொல்லுக்கு ஏக மவுசு. சிறு கனிமப் பராமரிப்பு அலுவலகத்து வைத்தீஸ்வரன் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போய், அந்தச் சொல்லையும் ஒரு ஜோல்னாப் பையையும் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் மாட்டிக்கொண்டு அவர் படகுத்துறைக்கு வந்த அன்றுதான் மழைக்கு முந்தைய மாயம்மாளின் கடைசி வள்ளம் கரை சேர்ந்தது. மழை இறங்கிவிட்டால் காளவாய் ஓணம் வரை தூங்கும். அவள் வீட்டு அடுப்பும், வேலையாட்கள் வீட்டு அடுப்பும் கூடவே தூங்கும்.

"இது கனிமமாக்கும். சுரங்க அனுமதி இருக்கோ?" என்றார் வைத்தீஸ்வரன்.

"சுரங்கமா சாரே? காயல்ல முங்கி எடுத்தது."

"அப்போ தண்ணிக்குள்ள இருக்கற சுரங்கம். சுத்தி வேலி போட்டிருக்கேளா?"

"வேலி போட்டா தண்ணி உள்ளயே நிக்குமா சாரே?"

'வேலி இல்லை' என்று அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே எர்ணாகுளம் படகிலிருந்து இறங்கினார் செல்லதுரை. நீர்வாழ் உயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்துக்காரர்.

"தொடப்படாது ஓய். இது பிராணி. எங்க ஆபீஸ்."

மாயம்மாள் செலவில் சாயா குடித்தபடி இரு அதிகாரிகளும் நெடுநேரம் விவாதித்து, மாண்புமிகு முடிவொன்றை எட்டினார்கள். உயிரோடிருந்தால் செல்லதுரைக்கு, செத்திருந்தால் வைத்தீஸ்வரனுக்கு. உடனே கூட்டுத் தணிக்கை தொடங்கியது. ஒவ்வொரு கிளிஞ்சலையும் பேனாவால் தட்ட வேண்டும். தட்டியதும் வாயை மூடிக்கொண்டால் உயிருள்ளது. தட்டியும் திறந்தே வைத்திருந்தால் செத்தது. அரசாங்க அலுவலகத்துக்குப் போய்வந்த எல்லோருக்கும் பழக்கமான சோதனைதான்.

அதிகாரிகள் சாப்பிட்டுத் திரும்பிவருவதற்குள் உயிருள்ள குவியலில் பாதி வாயைப் பிளந்துவிட்டது.

"என் பிராணி உம்ம கனிமமா மாறியிருக்கு. இது கடத்தல் ஓய்," என்றார் செல்லதுரை.

"நாங்க கூப்பிடலை. தானா வந்து சேர்றது."

"ரெண்டு நாள் விடுங்க சாரே," என்றாள் மாயம்மாள் பணிவாக. "எல்லாம் செத்துப்போகும். ஒரே ஆபீஸ் ஆயிடும்."

"அனுமதியில்லாம ஒண்ணுகூடச் சாகப்படாது," என்று செல்லதுரை கிளிஞ்சல் மேல் தண்ணீர் தெளிக்க ஓர் ஆளை நியமித்தார். கனிமத்தை நனைப்பது எடையைக் கூட்டும் மோசடி என்று, அந்த ஆளைத் தடுக்க வைத்தீஸ்வரன் ஓர் ஆளை நியமித்தார். நாற்றம் கிளம்பி மிளகு மண்டிக்காரர்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டார்கள். கடல் பக்கம் மேகம் திரண்டது. மாயம்மாளுக்கு வயிறு பற்றி எரிந்தது, காளவாய்தான் எரியவில்லை.

எந்தச் சட்டத்தாலும் முடியாத ஒற்றுமையைக் கடைசியில் நாற்றம் உண்டாக்கியது. இரு அலுவலகங்களும் சேர்ந்து 'கிளிஞ்சல் மறுவாழ்வுத் திட்டம்' அறிவித்தன. அத்தனையையும் தண்ணீரில் விட்டுவிடுவது.

"செத்ததுக்கு என்ன மறுவாழ்வு சாரே?"

"குடும்பத்தைப் பிரிக்கப்படாது," என்றார் செல்லதுரை.

செண்டை மேளம், மாலை, போட்டோ எல்லாம் சிறப்பாக நடந்தன. கிளிஞ்சலை மறுபடி வள்ளத்தில் ஏற்றி, படகுத்துறையிலேயே கவிழ்த்தார்கள். மாயம்மாள் வாய்விட்டு அழுதாள். சுற்றுச்சூழல் மீது அவளுக்கு இவ்வளவு பற்றா என்று அதிகாரிகள் நெகிழ்ந்து, எர்ணாகுளம் படகில் ஏறினார்கள். படகு கொஞ்சம் நகர்ந்தது, கரகரவென்றது, கிளிஞ்சல் குவியல் மேல் உட்கார்ந்துகொண்டது.

"இந்தக் குப்பையை யார் இங்க கொட்டினா?" என்று கத்தினார் வைத்தீஸ்வரன்.

மாயம்மாள் கண்ணைத் துடைத்தாள். "குப்பையா சாரே? வாரணும்னா அனுமதி வேணுமா?"

"குப்பைக்கு எதுக்கு அனுமதி? வாரித் தொலை," என்றார்கள் இருவரும்.

சாயங்காலமே காளவாய் மூண்டது. மழை இறங்குமுன் சுண்ணாம்பு விற்றுப்போயிற்று.

அடுத்த வருஷம் மாயம்மாளே இரண்டு அலுவலகத்துக்கும் போய், "விழா எப்போ சாரே?" என்று கேட்டாள். மற்ற காளவாய்க்காரர்களும் வள்ளம் வள்ளமாக மறுவாழ்வுக்குக் கொண்டுவந்தார்கள்; விழா முடிந்ததும் குப்பையென்று வாரிக்கொண்டு போனார்கள். வள்ளக்காரன் சங்கிலிப்பாண்டிதான் தயங்கினான்.

"அக்கா, பொடிசையெல்லாம் காயல்லயே விட்டாத்தானே நாளைக்குப் பெருகும்?"

"அரசாங்கமே காப்பாத்துது. நீ எதுக்குத் தனியா காப்பாத்தணும்? எல்லாத்தையும் வாரு."

வருஷா வருஷம் பந்தல் பெரிதாயிற்று. பிறகு ஒரு வருஷம் ஆட்கள் முங்கிச் சேற்றோடு எழுந்தார்கள். அதிகாரிகள் படகில் போய்க் காயல் முழுக்கத் துழாவிப் பார்த்துவிட்டுப் பூரித்துப்போனார்கள். திட்டம் நூறு சதவீத வெற்றி. மறுவாழ்வு பெறாத கிளிஞ்சல் என்று ஒன்றுகூடக் காயலில் பாக்கியில்லை.

வெற்றி விழாவில் மாயம்மாளுக்கு 'முன்னோடிச் சுரங்க உரிமையாளர்' என்று பொன்னாடை போர்த்தினார்கள். அவள் காளவாயில் அப்போது பூனை படுத்திருந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

"எனக்கு ஒரு வள்ளம் கிளிஞ்சல் கிடைச்சாப் போதும் சாரே," என்றாள்.

வைத்தீஸ்வரன் பெருந்தன்மையோடு மைக்கை வாங்கினார். "அதுக்கென்ன? இன்னியிலேர்ந்து கிளிஞ்சலுக்கு அனுமதியே வேண்டாம். யார் வேணும்னாலும், எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

பந்தல் அதிரக் கைதட்டல். காளவாய்க்காரர்கள்தான் ரொம்பத் தட்டினார்கள். மாயம்மாளும் தட்டினாள்.