வெறுஞ்சால் இறைத்த செய்தி

பரீட்சைத் தாளில் ஒரு ராஜாவின் கொலைக்குச் சாட்சி தேடியவன் இந்தப் பூமியில் ஒருத்தன்தான். அவன் என் அறையில் இருந்தான். என் தலையெழுத்து அப்படி.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம். சேலம் ஜில்லாவிலிருந்து சென்னைக்குப் போய் நாங்கள் இருவரும் இங்கிலீஷ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஊர் ஆட்டையாம்பட்டி. அவனுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கிராமம். பகலெல்லாம் நாடகமும் கவிதையும் படித்தது போதாதென்று, அவன் மாலையில் பத்திரிகைத் தொழில் வகுப்பிலும் சேர்ந்துகொண்டான். அன்றிலிருந்து ஹாஸ்டலில் அவனுக்கு ‘நமது நிருபர்’ என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

இரண்டு படிப்பும் அவன் மண்டைக்குள் சாம்பாரும் பாயசமுமாகக் கலந்துவிட்டன. பழைய நாடகம் ஒன்றில் ராஜா சாகும் காட்சியின் அழகை எழுதச் சொன்னால், ‘நேற்றிரவு மன்னர் அரண்மனையில் காலமானார். கொலை என்று சந்தேகிக்கப்படுகிறது. காவற்காரர்கள் பேச மறுத்துவிட்டனர்’ என்று எழுதி வைத்தான். புரொபசர் தாளைத் தூக்கிக் காட்டி, “மிஸ்டர், இது விடையா, போலீஸ் ரிப்போர்ட்டா?” என்றார்.

மாலை வகுப்பில் கதை தலைகீழ். புளியமரத்தில் பஸ் மோதியதைச் செய்தியாக எழுதச் சொன்னார்கள். இவன் தென்றலில் ஆரம்பித்தான். மரத்திலிருந்து கிளிகள் பறந்தன, சூரியன் சிவந்தான், ஒரு காகம் பெருமூச்சு விட்டது. ஆசிரியர் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏனப்பா, பஸ் எப்போது வரும்?” என்று கேட்டார்.

சாப்பாட்டுக் கூடத்தையும் அவன் விடவில்லை. ஒரு நாள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சமையற்காரரைப் பேட்டி கண்டான்.

“ஏனுங்க, ரசத்துக்கு இந்தக் கதி எப்பிடி வந்துச்சுங்க? நீங்க பருப்பைக் கடைசியாப் பாத்தது எப்பங்க?”

சமையற்காரர் கரண்டியோடு துரத்தினார். ஓடும்போதும், “மறுப்பு ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க, அதையும் போட்டுர்றேன்!” என்று கத்திக்கொண்டே ஓடினான். மறுநாள் ரசம் இன்னும் மோசமாக இருந்தது. நாங்கள்தான் குடித்தோம்.

கோடை விடுமுறையில் வந்தது வினை. அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. அவன் அப்பா நல்ல நிலம் வைத்திருந்த குடியானவர். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். நான் அவன் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள், என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே மகனிடம் சொன்னார்.

“ஒரே வாட்டியில ரெண்டு படிப்பு எதுக்குடா? ரெண்டுலயும் உன்னைத் திட்டறாங்கன்னு கேள்விப்பட்டேன். லீவு முடியறதுக்குள்ள நீ எழுதுனது பேப்பர்ல வந்தாப் போய்ப் படி. இல்லாட்டி ஊட்டோட இருந்து காடு தோட்டத்தைப் பாரு.”

இவன் இல்லாத அறையில் நான் யாரோடு சண்டை போடுவது?

அப்பாவுக்குப் புரிய வேண்டுமென்று தமிழ்த் தினசரிக்கே எழுதினான். வாழப்பாடிச் சந்தை பற்றி அனுப்பினான், காணோம். மேட்டூர் அணை பற்றி அனுப்பினான்; அதுவும் காணோம். இரண்டிலும் நிலவு வந்ததை நான் பார்த்தேன். “அடேய், நிலவை எடுத்துடுடா” என்று கெஞ்சினேன். “அது அங்க இருந்துச்சே!” என்றான்.

விடுமுறை முடியும் தறுவாயில், பெட்ரோல் பஞ்சத்தில் கரியைப் போட்டு ஓட்டிய பஸ்ஸைப் பிடித்து என் ஊருக்கு வந்து நின்றான். கையில் பத்திரிகை. வறட்சி பற்றிய செய்தி, மேலே ‘நமது நிருபர்’ என்று போட்டு வந்திருந்தது. அடுத்த பஸ்ஸிலேயே அவன் ஊருக்குப் போனோம். எழுதியவனே படித்தால் எடுபடாது என்று நான் படித்தேன்.

“இரு சாமி,” என்றார் அப்பா. “இவன் பேரு எங்க?”

“பேரு போட மாட்டாங்க. நமது நிருபர்னுதான் போடுவாங்க” என்றேன்.

“அப்ப அது எவன் வேணா எழுதியிருக்கலாமில்ல?”

இத்தனை வருஷம் கேலிக்குக் கூப்பிட்ட பெயரே அவன் படிப்புக்கு உலை வைத்துவிட்டது. வேறு வழி தெரியாமல் மீதியையும் படித்தேன்.

எங்கள் பக்கம் எருது பூட்டித் சால் என்கிற பெரிய தோல் பையில் கிணற்று நீர் இறைப்பார்கள். வற்றிய கிணற்றில் ஒரு குடியானவர் விடியும் முன்னே, எருதுகள் வேலையை மறந்துவிடக் கூடாதென்று, வெறுஞ்சாலையே விட்டு இறைப்பதாகக் கடைசியில் எழுதியிருந்தான். சால் மேலே வந்ததும் வழக்கம்போல வாய்க்காலைத் திரும்பிப் பார்ப்பாராம்.

அப்பா என்னை விட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

“அதை எவன்டா பாத்தது?”

“நாந்தானுங்கப்பா.”

“வெறுஞ்சாலு எறைக்கறவன்னு ஊரே சிரிக்குமேடா!”

“உங்க பேரும் போடலீங்கப்பா. எம்பட பேரும் போடலீங்க.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “சேரி, போய்ப் படி” என்றார்.

இரண்டு படிப்பையும் முடித்து, வடக்கே ஏதோ பத்திரிகைக்குப் போனான். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அவனைத் தேடலாமென்றால் பத்திரிகையில் பெயர் வந்தால்தானே! தினமும் பேப்பரில் ஊர் பேர் தெரியாத நிருபர்களையெல்லாம் எழுத்தெண்ணிப் படிக்கிறேன். வீட்டில் திட்டுகிறார்கள்.

நேற்று, வடக்கே ஒரு ரயில் தாமதமாக வந்ததாகச் சின்னச் செய்தி. பிளாட்பாரத்தில் ஒரு கிழவர் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக நின்றிருந்தார் என்று கடைசி வரியில் போட்டிருந்தது.

“அடப்பாவி, நல்லா இருக்கியாடா?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். காப்பி ஆறினால் ஆறட்டும் என்று, முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தேன்.