ஐந்தோடு ஒன்றைக் கூட்டாத நிபுணர்

மார்ச் 14, சனிக்கிழமை, முற்பகல்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும், என் மகளும், தங்கள் குமாரரும் உடல் நலத்தோடு இருக்கிறோம். மன நலத்தைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். தங்கள் கடிதம் ஏழாம் தேதி கைக்கு வந்தது. உள்ளே மார்ச் 2 என்று எழுதியிருக்கிறீர்கள். உறையின் மேல் தபால் முத்திரை மார்ச் 5. மூன்று நாள் சட்டைப்பையில் உறங்கிய கடிதம் என்பதால், அதிலுள்ள யோசனைகளும் தூக்கக் கலக்கத்தில் இருப்பதை நான் பெரிதுபடுத்தவில்லை. 'நீராவி விஷயம் அறிந்த என் தம்பி மகனை அனுப்பி வைக்கிறேன்' என்று அதில் இருந்தது. அவரோ ஐந்தாம் தேதியே பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். கடிதம் முந்தியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன்.

நடந்ததைத் தங்களுக்கு ஒழுங்காகச் சொல்ல யாரும் இல்லாததால் நானே சொல்கிறேன். என் மகளின் சலவையகத்துக்கு வரும் துணியில் பாதி, அந்தப் பெரிய தங்கும் விடுதியின் படுக்கை விரிப்புகள் என்பது தாங்கள் அறிந்ததே. பிப்ரவரி 26, வியாழக்கிழமை, இஸ்திரி போட்டு அனுப்பிய விரிப்புகள் அத்தனையும் ஈரமாக இருக்கின்றன என்று திரும்பி வந்தன. ஆவியால் சூடேறும் உருளைக்குள் போய் மறுபக்கம் வரும் விரிப்பு மொடமொடவென்று வர வேண்டும். இதுவோ மழையில் நனைந்த கோழி மாதிரி தொங்கிக்கொண்டு வந்தது. மார்ச் 9 அன்று விடுதி மேலாளர் நேரிலேயே வந்து, பதினாறாம் தேதி திங்கட்கிழமைக்குள் காய்ந்த விரிப்பு வராவிட்டால் வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவதாக, மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டுப் போனார். விடுதி போனால் இஸ்திரிப் பிரிவில் வேலை செய்யும் ஆறு பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அன்று முதல் என் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. தங்கள் குமாரர் சாப்பிடுகிறார்.

இனி தங்கள் நிபுணருக்கு வருகிறேன். ஆறாம் தேதி காலை அவர் பாய்லர் அறைக்குள் நுழைந்து, கைப்பேசியில் நீராவி அட்டவணையைத் திறந்து, அழுத்தம் காட்டும் கேஜை ஒரு தரம் பார்த்தார், ஆவிக்குழாயில் வெப்பமானியை வைத்து ஒரு தரம் பார்த்தார், டீ குடிப்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மாமா, கேஜ் அஞ்சு காட்டுது. டேபிள்ல அஞ்சுக்கு நூத்தி அம்பத்திரெண்டு டிகிரி. நம்ம பைப்ல நூத்தி அம்பத்தொம்போது இருக்கு. ஏழு டிகிரி அதிகம். நீராவி சுக்காக் காஞ்சிருக்கு. கோளாறு துணி பிழியிற மெஷின்ல. புதுசு வாங்கிடலாம்" என்றார்.

சம்பந்தி அவர்களே, முப்பத்தோரு ஆண்டுகள் தொழில்நுட்பக் கல்லூரியில் வெப்ப இயக்கவியல் நடத்தியவன் நான். முதல் வாரத்திலேயே கடைசி பெஞ்சும் செய்யத் தயங்கும் தவறு இது. கேஜ், வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு அதற்கு மேலேதான் எண்ணுகிறது. அட்டவணையோ, காற்றே இல்லாத வெற்றிடத்திலிருந்து எண்ணுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒன்று. ஆகவே கேஜ் ஐந்து காட்டினால் அந்த ஒன்றைக் கூட்டி ஆறுக்கு நேராகப் பார்க்க வேண்டும். ஆறுக்கு நேரே என்ன இருக்கிறது? நூற்றைம்பத்தொன்பது. குழாயில் இருந்ததும் அதுதான். தங்கள் தம்பி மகன் கண்டுபிடித்த அந்த ஏழு டிகிரி உலகில் எங்கும் இல்லை. பிள்ளையை இடுப்பிலிருந்து அளந்துவிட்டு, 'ஐயோ, என் பிள்ளை குள்ளனாகிவிட்டானே' என்று அழுகிற தாயைத் தாங்கள் பார்த்ததில்லை. நான் பார்த்துவிட்டேன், கையில் கைப்பேசியோடு.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அழுத்தமும் வெப்பமும் அட்டவணையோடு ஒத்துப்போனால், ஆவியும் நீரும் ஒன்றாக இருக்கலாம் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. பானையில் ஒரு குடம் நீர் கொதித்தாலும் ஒரு சொட்டு கொதித்தாலும் சூடு ஒன்றே. ஆவியில் எவ்வளவு ஈரம் என்று அறிய வேறொரு வழி வேண்டும். இதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்படியா மாமா, எதுக்கும் பெரியப்பாவைக் கேட்டுடறேன்" என்று தங்களுக்குத் தொலைபேசினார். நாற்பது ஆண்டுகள் மேசை நாற்காலி விற்ற தாங்களும், "அவன் படிச்ச புள்ள, அவன் சொல்றத கேளுங்க" என்று மருமகளிடம் சொல்லி, புதிய பிழியும் மெஷினுக்கு ஆர்டரும் கொடுத்துவிட்டீர்கள். தங்கள் குமாரரைக் கேட்டேன். "ரெண்டு பேருமே நல்லாத்தான் சொல்றீங்க மாமா" என்றார். மாப்பிள்ளையாக வந்த நாள் முதல் அவர் சொல்லிவரும் ஒரே வாக்கியம் அதுதான். என் மகள் மட்டும், "அப்பா, யாரு ஜெயிச்சாலும் எனக்குக் கவலையில்ல. திங்கக்கிழமை துணி காயணும்" என்றாள்.

எனவே பன்னிரண்டாம் தேதி நானே சோதனையில் இறங்கினேன். ஒரு பால்பவுடர் டப்பாவைச் சுற்றிக் கம்பளி கட்டி (கம்பளி தங்கள் குமாரருடைய ஸ்வெட்டர், வெட்டிய பிறகு அவரிடம் அனுமதி பெற்றேன்), ஆவிக்குழாயிலிருந்து குண்டூசித் துளையளவு வழியாக ஆவியை அதற்குள் பாயவிட்டேன். உள்ளே அது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு இறங்கிவிடும். கம்பளி இருப்பதால் வெப்பம் எங்கும் போகாது. ஆவி போதுமான அளவு உலர்ந்ததென்றால் அப்போது நூறு டிகிரியைத் தாண்டிக் காட்ட வேண்டும். ஈரம் மிகுந்ததென்றால், இருக்கும் உபரிச் சூடெல்லாம் அந்த ஈரத்தைக் காய்ச்சவே செலவாகி நூறிலேயே நின்றுவிடும். நூறிலேயே நின்றது. அட்டவணைப்படி பார்த்தால் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். பாய்லருக்குள் நீர்மட்டத்தை விளிம்புவரை வைத்திருந்தார்கள். கொதிக்கும்போது ஆவியோடு நீரும் துள்ளிக் குழாயில் ஏறியிருக்கிறது. நேற்று, பதின்மூன்றாம் தேதி மாலை, மட்டத்தைப் பாதிக்கு இறக்கச் சொன்னேன். டப்பாவில் வெப்பமானி நூற்றிருபது காட்டியது. அட்டவணையில் வைத்துக் கணக்கிட்டால், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு உலர்ந்த ஆவி. தங்கள் தம்பி மகன் அதைப் பார்த்து, "சூப்பர் மாமா" என்றார். அவருடைய பாராட்டை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்று பிற்பகல் அந்த ஆவியில் விரிப்புகள் உருளைக்குள் போகும். அவை காய்ந்துதான் வரும். காத்திருந்து பார்த்துவிட்டு எழுத வேண்டிய அவசியமே இல்லை. அட்டவணை பொய் சொல்லாது. ஆகவே தாங்கள் புதிய பிழியும் மெஷினுக்குக் கொடுத்த ஆர்டரை உடனே நிறுத்தும்படியும், ஒன்றைக் கூட்டத் தெரியாத தங்கள் நிபுணரைக் கிடைக்கும் முதல் வண்டியில் திருப்பி அழைத்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொள்கிறேன். அவர் இப்போதும் அந்தப் பழைய மெஷினின் முதுகுப்பக்கம் குனிந்து, புதியது வாசலில் நுழையுமா என்று டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறார். அளக்கட்டும். இதில் கூட்டல் இல்லை.

சம்பந்தி அம்மாவுக்கு என் பணிவான வணக்கம். வீட்டிலுள்ள சிறியவர்களுக்கு ஆசிகள். தம்பி மகனுக்கும் ஆசிகளே. ஆனால் எண்ணும்போது ஒன்றைக் கூட்டி எண்ணிக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகளின் தகப்பன்

பின்குறிப்பு: மார்ச் 16, திங்கட்கிழமை, மாலை. இதை உறையிலிட்டு ஒட்டிய பிறகு சனிக்கிழமை விரிப்புகள் வெளியே வந்தன. ஈரமாக வந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு உலர்ந்த ஆவியில், சொட்டச் சொட்ட. நான் டப்பாவை மறுபடி சோதித்தேன், நூற்றிருபதேதான். அப்போது மெஷினுக்குப் பின்னாலிருந்து தங்கள் தம்பி மகன், "மாமா, இங்க பாருங்க, பெல்ட்டு தளர்ந்து கிடக்கு. சும்மா சுத்துதே தவிர பிழியவே இல்ல" என்றார். ஞாயிறு காலை அவரே எங்கோ தேடி ஒரு பெல்ட் வாங்கி வந்து மாட்டினார். மதியம் முதல் விரிப்பு மொடமொடவென்று வந்தது. இன்று விடுதி மேலாளர் வந்து ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மேலும் ஓராண்டுக்குக் கையெழுத்திட்டார். என் மகள் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

தங்கள் தம்பி மகனின் விடை சரி, வழி தவறு. இத்தகைய விடைத்தாளுக்கு நான் எப்போதும் பூஜ்யமே போட்டிருக்கிறேன். என் வழி சரி, விடை தவறு. இதற்குப் பாதி மதிப்பெண் உண்டு. ஆக, நான் தேர்வு, அவர் தோல்வி. என் மகளிடம் இதைச் சொன்னேன். அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். புதிய மெஷின் வேண்டாம். அவரை மட்டும் மாத இறுதிவரை இங்கேயே விட்டுவையுங்கள், மற்ற மெஷின்களின் முதுகையும் அளக்க வேண்டும் என்கிறாள். இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "கிழிக்காதீங்கப்பா, அப்படியே அனுப்புங்க, மாமா சிரிக்கட்டும்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

ஆகவே அனுப்புகிறேன். மேலே எழுதியவற்றில் தேதிகளை மட்டும் நம்பவும்.