போச்சுது சேரும் எல்லோரும் எழுதும் பக்கமும்

மலைநாட்டில் பெய்த மழை எல்லாம் சேர்ந்தும் கெடுக்க முடியாத அளவுக்கு எங்கள் மனதைக் கெடுத்த ஒரே மனிதர் எங்கள் வாத்தியார் போச்சுது சேர்தான். எந்த நல்ல செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், அதற்குள் ஒளிந்திருக்கும் கெட்ட செய்தியை மீனில் முள் எடுப்பதுபோல் எடுத்து மேசையில் வைத்துவிடுவார். பிறகு கடைசியாக ஒரு சொல் வரும். “போச்சுது.”

ஹட்டன் நகரில், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் முதலாளியின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் எங்கள் பல்கலைக்கழகத்தின் கற்கை நிலையம் இருந்தது. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிப்பவர்களுக்கான இடம் அது. தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர்மாரும்தான் மாணவர்கள். கிழமை நாட்களில் வேலை, சனியும் ஞாயிறும் படிப்பு. நான் நோர்வூட்டில் இருந்து பஸ் ஏறி வருவேன். சேர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் கம்பியூட்டர் போதனாசிரியர். ஹட்டன் குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டு, மஃப்ளரைக் காதோடு சேர்த்துச் சுற்றி, கழுத்தில் தாயத்துப்போல் பென் டிரைவ் தொங்க உட்கார்ந்திருப்பார்.

நிலையத்துக்கு ஒரு புதிய கம்பியூட்டர் வந்த நாளில் நாங்கள் தேங்காய் உடைக்காத குறை. சேர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“புதுசு வந்திட்டுது. இனிப் பழசுகளைத் திருத்த ஒருத்தனும் வரமாட்டான். போச்சுது.”

ஒரு நாள் அபூர்வமாக நல்ல வெயில். யன்னலைத் திறந்தோம். “இப்ப வெயில் எறிக்குது. பின்னேரம் இடி இடிக்கும், மோடம் எரியும்” என்றார். பின்னேரம் இடி இடித்தது. மோடம் எரிந்தது. அவரோடு இருந்த பெரிய கஷ்டமே இதுதான். அவர் சொன்னது அடிக்கடி நடந்து தொலைத்தது.

அந்த நாட்களில்தான் பல்கலைக்கழகம் ஓயாமல் புதிய வசதிகளை அறிவிக்கத் தொடங்கியிருந்தது. எல்லோருக்கும் ஈமெயில் என்றார்கள். அடுத்து, அவரவர் கம்பியூட்டரில் இல்லாமல் இணையத்திலேயே எழுதி வைக்கலாம் என்றார்கள். பக்கத்தின் ஓரத்தில் கருத்துச் சொல்லலாம், அரட்டையும் அடிக்கலாம் என்றார்கள். ஒவ்வொரு அறிவித்தலையும் சேர் எழுந்து நின்று, வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவரின் குரலில் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார்.

“‘இனி நீங்கள் சேமிக்கத் தேவையில்லை. எழுதுவது தானாகவே சேமிக்கப்படும்.’” வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “தானாச் சேவ் ஆகுமெண்டால் பிழையும் தானாச் சேவ் ஆகும். விளங்குதோ பிள்ளையள்?”

“அழிஞ்சா பழைய பிரதி இருக்கும்னும் போட்டிருக்குங்களே சேர்” என்றான் யோகேஸ். அவன் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கர். எதையும் நம்புகிற பிறவி.

“அது அவையள் சொல்லுறது. அவையள் எத்தினையோ சொல்லுவினம்.”

ஒரே பக்கத்தில் பலர் ஒரே நேரத்தில் எழுதலாம் என்ற வசதி வந்தபோது, அதைச் செய்து காட்டும்படி மேலிடத்து உத்தரவு. சேர் எங்களை ஆளுக்கொரு கம்பியூட்டரில் இருத்தி ஒரு பக்கத்தைத் திறந்தார். ஆளாளுக்கு ஒரு நிறத்தில் திரையில் கோடு துடித்தது. யாரோ ‘வணக்கம்’ என்று தொடங்க, வேறு யாரோ அதற்கு நடுவில் புகுந்து ‘டீ குடிக்கப் போவோமா’ என்று எழுத, பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவர்களின் தமிழெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழ, சற்று நேரத்தில் பக்கம் ஹட்டன் பஸ் நிலையம்போல் ஆகிவிட்டது.

சேர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். “ஒரு வீட்டில ரெண்டு பேர் சேர்ந்து ஒரு கறி வைக்கேலாது. இதில எல்லாரும் சேர்ந்து கட்டுரை எழுதப் போகினமாம்.”

அவர் இணையத்தை நம்பாததற்கு ஈடாகக் காகிதத்தை நம்பினார். காகிதத்தையும் முழுதாக நம்பவில்லை. நாங்கள் எழுதியதை எல்லாம் பிரதியெடுத்து, ஒன்றை நோர்வூட்டில் என் வீட்டில் வைக்கச் சொன்னார். ஒன்று பூண்டுலோயாவுக்குப் போனது. ஒன்று ராகலைக்கு. “ஒரே மண்சரிவில எல்லாம் போகக்கூடாது” என்று காரணம் சொன்னார். கடைசிப் பிரதி நானாவின் சீமெந்துக் களஞ்சியத்தில், உயரமான தட்டில் இருக்கும்.

இதைக் கேட்டு நாங்கள் சிரித்ததுண்டு. ஒரு நாள் நானாதான் எங்களை அதட்டினார். சேர் இளவயதில் முதுமாணிப் பட்டத்துக்காகப் பல வருடம் உழைத்து எழுதிய ஆய்வை, யுத்தத்தில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது வீட்டில் விட்டுவிட்டு வந்தாராம். திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை. அந்தப் பட்டத்தை அவர் பிறகு தொடவே இல்லை. “அந்த மனுசன் போச்சுதுண்டு சொன்னா, போனத பாத்த ஆள் சொல்றார்ண்டு நெனச்சிக்கோங்க புள்ள” என்றார் நானா. அதற்குப் பிறகும் நாங்கள் சிரித்தோம். ஆனால் சத்தமில்லாமல்.

நானாவுக்கும் சேருக்கும் வேறொரு தகராறு இருந்தது. மாடிக்கும் கடைக்கும் ஒரே டெலிபோன் இணைப்பு. மேலே இணையத்தில் இருக்கும்போது கீழே நானா ரிசீவரைத் தூக்கினால் எல்லாம் அறுந்துவிடும். சேர் படியிறங்கி ஓடுவார்.

“நானா, பிள்ளையள் முக்கியமான வேலை செய்யினம். கொஞ்சம் வையுங்கோவன்.”

“சேர், ஒங்கட கடதாசி வானத்துல போகுது. என்ட சீமெந்து லொறியில வருது. எது அவசரம்?”

சேர் திரும்பி மேலே வருவார். “நியாயமான கேள்விதான்” என்று எங்களிடம் சொல்லுவார்.

இறுதியாண்டில் எங்களுக்கு ஒரு குழு ஆய்வறிக்கை வந்தது. தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் ஏன் இடைநடுவில் படிப்பை விடுகிறார்கள் என்பது தலைப்பு. குழுவில் நான், யோகேஸ், ராகலையில் ஆசிரியையாக இருந்த சந்திரா. இணையத்துப் பக்கத்திலேயே மூவரும் சேர்ந்து எழுத வேண்டும், குறித்த நாள் மாலைக்குள் அங்கிருந்தே அனுப்ப வேண்டும், தவறினால் அந்த வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று விதி. சந்திராவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் படிப்புக்கு இந்த வருடம்வரைதான் தவணை கொடுத்திருந்தார்கள். இன்னொரு வருடம் என்பது அவளுக்கு இல்லவே இல்லை.

அனுப்ப வேண்டிய நாள் விடிந்தபோது ராகலைப் பாதையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. சந்திரா ராகலையில், காசு கொடுத்து போனும் இணையமும் பாவிக்கும் ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போய் அங்கிருந்தே எழுதினாள். யோகேஸும் நானும் நிலையத்தில் இருந்தோம். சேர் எங்களுக்குப் பின்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் உறவினர் மாதிரி நின்றார். கீழே நானா அன்றைக்கு ரிசீவரைத் தொடவில்லை. போன் கேட்டு வந்தவர்களிடம், “மேல ஒப்பரேசன் நடக்குது, அந்தப் பக்கம் வேற கடைக்குப் போங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கடந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்புவதுதான் பாக்கி. “இவ்வளவு சுகமா முடியாது” என்றார் சேர்.

அவர் வாய் மூடவில்லை, திரையில் இருந்த அறிக்கை காணாமல் போய்விட்டது.

அப்படியே வெள்ளைப் பக்கம். மூலையில் சந்திராவின் பச்சைக் கோடு மட்டும் இரண்டு தடவை துடித்து அதுவும் மறைந்தது. யோகேஸின் கைத்தொலைபேசி அலறியது. சந்திராதான். அவள் அழுதது எனக்கும் கேட்டது.

“யோகேஸ், நான் எழுத்த கொஞ்சம் பெருசாக்கலாம்னு மொத்தத்தையும் செலக்ட் பண்ணேன்... கை என்னமோ பட்டுருச்சி... பயத்துல எல்லாத்தையும் மூடிட்டேன்... சேருக்கு கண்ணு சரியா தெரியாதுன்னுதான் பெருசாக்குனேன்...”

சேர் கதிரையில் உட்கார்ந்தார். வாய் திறந்தது. வழக்கமான சொல் வரவில்லை.

நான் கீழே ஓடிக் களஞ்சியத்துப் பிரதியை எடுத்து வந்தேன். மழைக் குளிரில் சீமெந்துத் தூள் ஈரம் குடித்து, கட்டு முழுதும் ஒரே கல்லாக இறுகியிருந்தது. வைத்துப் படியே கட்டலாம். நோர்வூட் பிரதியும் பூண்டுலோயாப் பிரதியும் பழையவை, பாதிதான் இருந்தது. ராகலைப் பிரதி மண்சரிவுக்கு அந்தப் பக்கம்.

“சேர், பழைய பிரதி இருக்கும்னு போட்டிருந்திச்சே” என்றான் யோகேஸ். “அந்த வசதி எங்கங்க இருக்கு?”

“தெரியும். எங்க இருக்கெண்டு தெரியும்.” சேரின் குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது. “நான் அதை ஒருநாளும் அமத்திப் பாக்கேல்லை. அமத்தி, அங்கயும் ஒண்டும் இல்லையெண்டால்...”

“இல்லாட்டி இல்லிங்க சேர். இப்ப மட்டும் என்னா இருக்கு?”

சேர் எழுந்து வந்தார். மவுஸைப் பிடித்தார். மேலே ஒரு பட்டியல் விரிந்தது, அதற்குள் இன்னொரு சொல். அமத்தினார். எங்கள் இணையம் ஆட்டுக்கல் சுற்றும் வேகத்தில் சுற்றியது. பிறகு தலைப்பு வந்தது. ஒரு பந்தி வந்தது. சந்திரா எழுதிய முடிவுரை வந்தது. கடைசி முற்றுப்புள்ளி வரைக்கும் அத்தனையும் வந்தது.

யோகேஸ் கத்திய கத்தலில் நானா சுத்தியலோடு மேலே ஓடி வந்தார். நான் போனைப் பிடுங்கி, “சந்திரா, வந்துருச்சிடி! எல்லாம் வந்துருச்சி!” என்றேன். அவள் இன்னும் பலமாக அழுதாள். அந்தக் குழப்பத்திலேயே அறிக்கையை அனுப்பி முடித்தோம்.

சேர் மட்டும் திரையை விட்டு அசையவில்லை. நேற்று எழுதியதைத் திறந்தார். போன வாரத்தினதைத் திறந்தார். நாங்கள் எழுதி எழுதி அடித்த பழைய பிழைகள் எல்லாம் ஒவ்வொன்றாய் உயிர்பெற்று வந்தன. ஒரு தலைப்பு மட்டும் இருந்த முதல் நாள் பக்கம் வரை போய்விட்டார். அதற்கு மேல் அது நகரவில்லை. இன்னும் இரண்டு தடவை அமத்திப் பார்த்தார்.

“இதுக்குப் பின்னுக்குப் போகேலாது என்ன?” என்றார், யாரிடமும் இல்லாமல்.

நானா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, “வாங்க சேர், டீ குடிப்போம்” என்று அவர் தோளைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

நாங்கள் மூவரும் தேறினோம். சந்திரா பட்டத்தோடு கல்யாணம் செய்துகொண்டாள். கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த அறிவித்தல் சில மாதங்களில் வந்தது. இணையத்தில் சேர்ந்து எழுதும் வசதிகள் வெற்றி பெற்றுவிட்டன, தூரத்து மாணவர்கள் வீட்டில் இருந்தே எல்லாம் செய்யலாம், ஆகவே ஹட்டன் நிலையம் இனித் தேவையில்லை. வெற்றிக்கு உதாரணமாக எங்கள் குழுவையும் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தார்கள். வீட்டில் இருந்தே என்றால், தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் இருந்தே. எங்கள் பக்கத்து லயங்களில் அப்போது கம்பியூட்டரைக் கண்ணால் கண்டவர்களே கொஞ்சம்.

அதை வாசித்தபோது சேர் எழுந்து நிற்கவும் இல்லை, அந்தச் சொல்லைச் சொல்லவும் இல்லை. மிச்சமிருந்த நாட்களில் ராகலை, பூண்டுலோயா, நோர்வூட் என்று பஸ் ஏறி அலைந்தார். ஒவ்வொரு கொமினிகேஷன் கடையிலும் உட்கார்ந்து, தமிழ் எழுத்துத் தெரிய வேண்டியதைப் போட்டுக் கொடுத்தார். அழிந்த பக்கத்தை எப்படித் திரும்ப எடுப்பது என்று கடைக்காரருக்குச் சொல்லிக் கொடுத்தார். “பிள்ளையள் பதறி வருங்கள். நீங்கள் பதறக்கூடாது” என்றாராம். நோர்வூட் கடைக்காரர் இதை என்னிடம் அதிசயமாகச் சொன்னார். ஆனாலும் எங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர்களில் பலர் பாதியில் நின்றுபோனார்கள். கடையில் மணிக்கணக்காக உட்கார்ந்து யாரால் பட்டம் படிக்க முடியும்?

சேருக்கு வவுனியாவுக்கு மாற்றம். வழியனுப்ப நாங்கள் பஸ் நிலையத்துக்குப் போனோம். நானா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். சேர் ஸ்வெட்டர்களோடு யன்னலோரம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டினார்.

“பழைய பஸ். வட்டவளை தாண்டாது, பாருங்கோ. வளைவில நிண்டிடும்.”

பஸ் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கிளம்பியது. வளைவில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றோம். வீட்டுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த பஸ் எங்காவது நின்றுபோய், அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்து வந்துவிடமாட்டாரா என்று வெகுநேரம் அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.